வோல்டேஜ் குறைகிறது என்றால் உடனே பேட்டரியை மாற்றிவிடாதீர்கள்: மெல்பர்னில் நான் ஏமாந்தது

மோட்டார்ஹோம் (உள்ளேயே படுத்து, சமைத்துத் தங்கும் வண்டி) வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் இதைப் படித்துவிட்டுத் தெரிந்தவர்களுக்கும் சொல்லுங்கள். நன்றாக இருந்த இரண்டு பேட்டரிகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, புதியவற்றுக்கு என்னிடம் 1,480 டாலர் வாங்கியது ஒரு பணிமனை. ஐந்து வாரத்தில் அதே கோளாறு திரும்பி வந்தபோது மேலும் 4,600 டாலர் கேட்டது. உண்மையான பழுது வண்டிக்கு அடியில் இருந்த ஒரே ஒரு எர்த் இணைப்பில், அதாவது பேட்டரியின் நெகட்டிவ் கேபிள் வண்டியின் சேஸிஸில் (இரும்புச் சட்டத்தில்) சேரும் இடத்தில் இருந்தது.

நாங்கள் இருப்பது மெல்பர்னுக்குத் தென்கிழக்கே, டான்டினோங் பக்கம். ஃபியட் டுகாட்டோவில் கட்டிய 2010ஆம் ஆண்டு மோட்டார்ஹோம் எங்களுடையது. பழைய வண்டியாக வாங்கி மூன்று வருடமாகிறது. படுக்கைப் பகுதியின் விளக்கு, தண்ணீர்ப் பம்ப், கம்ப்ரசர் ஃபிரிட்ஜ், டீசல் ஹீட்டர் எல்லாம் இருக்கைக்கு அடியில் உள்ள இரண்டு 100 ஆம்பியர்-மணி ஏஜிஎம் (மூடிய ஈய-அமில வகை) பேட்டரிகளில் ஓடுகின்றன. வண்டி ஓடும்போது எஞ்சின் சுழற்றும் ஆல்டர்னேட்டர் என்ற மின்னாக்கியிலிருந்து அவற்றுக்குச் சார்ஜ் போகும்.

ஜனவரியில் திருச்சியிலிருந்து அம்மா வந்திருந்தார். கிரேட் ஓஷன் ரோடு வழியாக அப்போலோ பே போய், மறுநாள் போர்ட் கேம்ப்பெல்லில் தங்கினோம். பள்ளி விடுமுறை என்பதால் மின் இணைப்புள்ள இடம் கிடைக்கவில்லை. நள்ளிரவு இரண்டு மணி இருக்கும். கடற்காற்றின் குளிருக்கு ஹீட்டரைப் போட்டிருந்தோம். கீச் கீச்சென்று சத்தம் கேட்டு எழுந்தால், சுவரில் உள்ள, பேட்டரியின் வோல்டேஜைக் காட்டும் பலகை 11.3 வோல்ட் காட்டுகிறது, ஃபிரிட்ஜ் நின்றுபோயிருக்கிறது. உள்ளே அம்மாவின் பிரிக்காத இன்சுலின் பேனாக்கள். அவற்றை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். "போட்டுக்கொள்கிற பேனா வெளியில்தான் இருக்கிறது, நீ படு" என்றார் அம்மா. எனக்குத் தூக்கம் வரவில்லை. கடை திறக்கும்வரை காத்திருந்து ஐஸ் வாங்கினேன். இன்சுலின் உறைந்தாலும் கெட்டுவிடும் என்பதால் பேனாக்களைத் துண்டில் சுற்றி, ஐஸ் நேரடியாகப் படாமல் வைத்து வீடு வந்து சேர்ந்தோம்.

அந்தப் பதற்றத்தோடுதான் பணிமனைக்குப் போனேன். பதற்றத்தோடு வருகிறவனைப் பார்த்ததுமே அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. காலையில் வண்டியை விட்டேன், மதியத்திற்குள் தொலைபேசி வந்தது: "இரண்டு பேட்டரியும் போய்விட்டன. லோடு சோதனையில் தேறவில்லை." லோடு சோதனை என்பது பேட்டரியிலிருந்து கரண்டை இழுத்துப் பார்ப்பது. எவ்வளவு லோடு கொடுத்தீர்கள், வோல்டேஜ் எவ்வளவுக்கு இறங்கியது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். பில்லிலும் 'சோதனையில் தோல்வி' என்ற இரண்டு சொற்கள்தான் இருந்தன, ஒரு எண் கூட இல்லை. பழைய பேட்டரிகளை அவர்களே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். என் மனைவிதான் விடாப்பிடியாக, "நம் பொருள், வண்டியில் ஏற்றச் சொல்லுங்கள்" என்றாள். இன்று என் கையில் சான்று என்று ஏதாவது இருக்கிறதென்றால் அது அவளால்தான்.

வண்டியைத் தரும்போது பலகையைக் காட்டினார்கள். 12.8 வோல்ட். முழுச் சார்ஜில் சும்மா இருக்கும் புதிய பேட்டரி வேறு எதைக் காட்டும்? வீட்டில் மின் இணைப்புச் சார்ஜர் நேராகப் பேட்டரியிலேயே சேர்வதால், வாசலில் நிற்கும்போது எல்லாம் சரியாகவே தெரிந்தது. மார்ச் தொடக்கத்தில் இரண்டு இரவு வெளியே தங்கினோம். இரண்டாம் இரவே 11.4.

மறுபடி அதே பணிமனை. இந்த முறை உரிமையாளரே வந்து பேசினார். "உங்கள் வண்டியில் இருப்பது ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர். அது வோல்டேஜை இறக்கிவிடும். லித்தியம் பேட்டரியும் டிசி-டிசி சார்ஜரும் போட்டால்தான் தீரும்." அவர் சொன்ன விஷயம் உண்மையில் இருக்கிறது என்பதுதான் இதில் ஆபத்து. யூரோ 6 என்ற ஐரோப்பியப் புகை விதி வந்த காலத்து வண்டிகள் பலவற்றில் எரிபொருளைச் சேமிக்க ஆல்டர்னேட்டரின் வோல்டேஜை வண்டியின் கணினி குறைக்கும், அங்கே குறைந்த வோல்டேஜை உயர்த்திப் பேட்டரிக்குத் தரும் டிசி-டிசி சார்ஜர் தேவைதான். என்னுடைய 2010 வண்டியில் அந்த ஏற்பாடே கிடையாது. எஞ்சின் ஓடும்போது ஒரு முறை அளந்திருந்தால் பத்து விநாடியில் தெரிந்திருக்கும். முன்பணம் கட்டத் தயாராகத்தான் வீடு திரும்பினேன்.

எங்கள் தெருவில் யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர் இருக்கிறார். முப்பது வருடம் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். சேதியைக் கேட்டதும், "தம்பி, பொறுங்கள். காசு கட்டுவதற்கு முன் நான் ஒருக்கால் பார்க்கிறேன்" என்று முப்பது டாலர் மல்டிமீட்டர் ஒன்றோடு வந்தார்.

எஞ்சினை ஓடவிட்டு எஞ்சின் பேட்டரியில் அளந்தார்: 14.2. உள்ளே இருக்கைக்கு அடியில் உள்ள பேட்டரியில் (இதைத்தான் வீட்டுப் பேட்டரி என்பார்கள்): 13.2. ஏஜிஎம் பேட்டரி முழுதாக ஏற 14.4 அளவுக்கு வேண்டும். ஒரு வோல்ட் வழியிலேயே காணாமல் போகிறது. எங்கே போகிறது என்று தேடியவிதம்தான் நான் கண்ணால் பார்த்துக் கற்றது. மீட்டரின் ஒரு முனையை எஞ்சின் பேட்டரியின் பாசிட்டிவிலும் மறு முனையை நீண்ட வயர் போட்டு வீட்டுப் பேட்டரியின் பாசிட்டிவிலும் வைத்தார். 0.15 வோல்ட். பெரிய குறை இல்லை. பிறகு அதையே நெகட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் இடையில் செய்தார். 0.85. "வயர் முழுசாக இருந்தால் இந்த இடத்தில் சுழியத்தை ஒட்டி வர வேண்டும்" என்றார். இந்தச் சோதனையைக் கரண்ட் ஓடும்போதுதான் செய்ய வேண்டும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அளந்தால் எவ்வளவு கெட்ட இணைப்பும் நல்லதாகவே தெரியும்.

வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்தோம். பேட்டரியின் நெகட்டிவ் கேபிள் சேஸிஸில் போல்ட் போட்டுச் சேரும் இடம். கேபிள் முனையில் உள்ள உலோக வளையமான லக்கின் கீழே பெயின்ட்டைச் சுரண்டவே இல்லை. லக்கைச் சுற்றிப் பச்சை பூத்திருந்தது. அதை ஒட்டிய இரண்டு அங்குல உறை சூட்டில் கறுத்து, விரலால் தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அண்ணர் லேசாக இழுத்தார், கேபிள் லக்கை விட்டுக் கையோடு வந்துவிட்டது. அன்று சார்ஜ் 15 ஆம்பியர் அளவில் போய்க்கொண்டிருந்தது. 15 ஆம்பியரும் 0.85 வோல்ட்டும் பெருக்கினால் 12 வாட்டுக்கு மேல். அந்த ஒரு லக் மட்டும் அவ்வளவு சூட்டைத் தாங்கியிருக்கிறது. அதற்குச் சற்று மேலேதான் என் அம்மா படுத்திருந்தார்.

சார்ஜ் ஏறாததும் அதனால்தான், ஹீட்டர் போட்டதும் பலகையில் வோல்டேஜ் விழுந்ததும் அதனால்தான். பலகையின் எர்த்தும் அதே சேஸிஸ் வழியாகத் திரும்புகிறது. பேட்டரியில் 12 வோல்ட் இருக்கும்போதே பலகை 11.4 காட்டும்.

துருவை எடுத்து, பெயின்ட்டைச் சுரண்டி, புதிய லக்கைக் கேபிளில் நசுக்கிப் பொருத்தி, கேபிளையும் மாற்றினோம். கேபிள் வாங்கும்போது இன்னொன்று தெரிந்தது: ஆஸ்திரேலியாவில் '6 மி.மீ. ஆட்டோ கேபிள்' என்று விற்பதில் அந்த 6 உறையோடு சேர்த்த தடிமன், உள்ளே செம்பு 4.6 சதுர மி.மீ. அளவுதான். சதுர மி.மீ. எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். எல்லாம் சேர்த்து 38 டாலர். மறுபடி அளந்தபோது நெகட்டிவ் பக்கம் 0.05.

பழைய பேட்டரி ஒன்றை அண்ணர் தன் ஷெட்டில் முழுதாகச் சார்ஜ் ஏற்றி, 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றை அதில் மாட்டினார். மாலை ஆறு மணிக்கு எரிய ஆரம்பித்தது மறுநாள் நண்பகல் பன்னிரண்டுக்கும் எரிந்துகொண்டிருந்தது. பதினெட்டு மணி நேரம், ஏறக்குறைய 80 ஆம்பியர்-மணி. 'சோதனையில் தோல்வி' அடைந்த பேட்டரி இது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை வோல்டேஜைக் குறித்த தாள் என்னிடம் இருக்கிறது.

அந்தத் தாளோடு போனேன். பில்லின் அடியில் 'பணம் திருப்பித் தரப்பட மாட்டாது' என்று அச்சிட்டிருப்பதைக் காட்டினார் உரிமையாளர். அந்த வரிக்கு இங்கே மதிப்பு இல்லை. ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி எந்தப் பழுது வேலையும் உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட்டிருக்க வேண்டும், அந்த உத்தரவாதத்தை ஒரு பில் வரியால் நீக்க முடியாது. அதை எழுத்தில் அனுப்பிய பிறகு 600 டாலர் தருவதாகப் பதில் வந்தது. அதையும் 'முழுத் தீர்வு' என்று கையெழுத்திட்டால்தான் தருவார்களாம்.

நீங்கள் விக்டோரியாவில் இருந்தால் முதலில் கன்ஸ்யூமர் அஃபேர்ஸ் விக்டோரியா என்ற மாநில நுகர்வோர் அலுவலகத்திடம் ஆலோசனை கேளுங்கள், பிறகு இப்படிப்பட்ட வழக்குகளை விசாரிக்கும் விகாட் (VCAT) தீர்ப்பாயம் இருக்கிறது. எந்தப் பணிமனையானாலும் வேலைக்கு முன் மூன்று அளவுகளை எழுதி வாங்குங்கள்: எஞ்சின் ஓடும்போது இரண்டு பேட்டரியிலும் வோல்டேஜ், நெகட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் உள்ள வித்தியாசம், லோடு கொடுத்தபோது பேட்டரி இறங்கிய அளவு. எழுதித் தர மறுத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். பழைய பேட்டரியையும் விட்டுவிடாதீர்கள்.

நான் கையெழுத்திடவில்லை. விகாட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். விசாரணை நாளன்று அந்தக் கறுத்த லக்கையும், பழைய பேட்டரிகள் இரண்டையும் கொண்டுபோவேன். பல்பையும் எடுத்துவருவதாக அண்ணர் சொல்லியிருக்கிறார்.