பிபிஎல் எடுத்தாச்சு, இனி எதில் பறப்பது? வன்னியில் இருப்பவருக்கு ஒரு கணக்கு

வன்னிக்குள் ஓடுபாதைக்குக் குறைவில்லை. இரணைமடுவில் ஒன்று, வவுனியாவில் ஒன்று. இரண்டும் விமானப்படையின் கையில். தனியார் விமானி அனுமதிப்பத்திரம், அதாவது பிபிஎல், எடுத்துக்கொண்டு கிளிநொச்சிக்கோ மாங்குளத்துக்கோ திரும்பி வருகிற ஒருவர் ஒரு மணித்தியாலம் வாடகைக்குச் செஸ்னா சிறு விமானம் கேட்டுப் போய் நிற்கக்கூடிய இடங்கள் இவை இல்லை. பறக்கப் பழகிய இடத்துக்கே, கொழும்புப் பக்கத்து இரத்மலானை விமான நிலையத்துக்கே, திரும்பவும் போகவேண்டும். ஊரிலும் முதல் கேள்வி இதுதான்: "லைசன்ஸ் எடுத்திட்டீராம், பிளேன் எங்க தம்பி நிக்குது?"

பகிடிக்குக் கேட்டாலும் நியாயமான கேள்வி. பழகி முடிக்கும் வரைக்கும் வீட்டில் காணியை ஈடு வைத்தோ, வெளிநாட்டு மாமா அனுப்பியோ காசு வரும். பத்திரம் கைக்கு வந்த அடுத்த மாதமே அந்தக் குழாய் நின்றுவிடும். அதற்குப் பிறகு பறப்பைத் தொடர என்னென்ன வழி, வன்னியில் இருப்பவருக்கு எது கட்டும், எது கட்டாது என்பதுதான் இந்த அலசல்.

ரூபாயில் விலைப்பட்டியல் போடவில்லை. 2022இல் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறிய நாட்டில் அப்படிப் பட்டியல் ஆறு மாதம் தாங்காது. மணித்தியாலத்திலும் லீற்றரிலும் பேசுவோம், அவை மாறாது.

முதலில், வருடத்துக்கு எவ்வளவு பறந்தால் போதும்? பயணி ஏற்றிப் பறக்க, கடந்த 90 நாளுக்குள் மூன்று தடவை ஏறி இறங்கியிருக்க வேண்டும் என்பது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள விதி. சர்க்கிட்டில், அதாவது ஓடுபாதையை வட்டமிட்டு ஏறி இறங்கி, சுற்றினால் அரை மணித்தியாலத்தில் அது முடிந்துவிடும். சட்டத்துக்கு அது போதும், கைக்குப் போதாது. பிரித்தானியாவில் ஒற்றை எஞ்சின் விமானம் ஓட்டும் தகுதியை, அதாவது ரேட்டிங்கை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பறந்த மணிகளைக் காட்டிப் புதுப்பிக்கலாம். இரண்டாவது வருடத்தில் 12 மணித்தியாலம் பறந்திருக்க வேண்டும், அதில் ஒரு மணித்தியாலமாவது இன்ஸ்ட்ரக்டரோடு. நான் அந்த 12ஐயே அடிமட்டமாக எடுக்கிறேன். மாதம் ஒன்று. செஸ்னா 152 மணிக்குச் சுமார் 23 லீற்றர் குடிக்கும், ஆகவே வருடத்துக்கு 276 லீற்றர். இதைத் தவறாமல் பறக்க எந்த வழி மலிவு என்றுதான் பார்க்கவேண்டும். ஒரு மணித்தியாலத்தின் விலையை மட்டும் பார்க்கிறவர் ஏமாறுவார்.

இரத்மலானையில் மணித்தியால வாடகை

எல்லாருக்கும் தெரிந்த வழி. எரிபொருளும் சேர்ந்த வாடகையை வெட் என்பார்கள், சேராததை டிரை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து விலை பேசக்கூடாது. அடுத்துக் கேட்கவேண்டியது, எந்த மீற்றரில் பில் போடுகிறார்கள் என்பது. ஹொப்ஸ் மீற்றர் எஞ்சின் ஓடுகிற நேரம் முழுக்கத் தட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒரு புள்ளி நகர்ந்தால் 6 நிமிடம். டக்கோ மீற்றர் எஞ்சின் சுற்றும் வேகத்தோடு சேர்ந்து ஓடும், தரையில் மெதுவாகச் சுற்றும்போது அதுவும் மெதுவாகத்தான் நகரும். காலை நெரிசலில் ஓடுபாதை வாயிலில் மூன்று விமானத்துக்குப் பின்னால் காத்து நின்றால் இந்த வித்தியாசம் காசாகத் தெரியும். மணித்தியால விலை கொஞ்சம் கூடியிருந்தாலும் டக்கோவில் பில் போடுகிற இடம் கடைசியில் மலிவாக முடியலாம்.

மீற்றர் தொடாத நேரமும் உண்டு, அதை ஒழுங்காகப் பாவியுங்கள். எஞ்சின் போட முதல் இறக்கைக்கு அடியிலிருக்கும் வடிகுழாயை அழுத்தித் தெளிவான குவளையில் கொஞ்ச எரிபொருள் பிடிக்கிறோம். இந்த விமானங்கள் குடிக்கும் பெற்றோலான 100எல்எல் இளநீல நிறம். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் நிறமில்லாத ஒரு முத்து மாதிரி உருண்டு நிற்கும், குவளையைச் சரித்தால் அதுவும் சரியும். ஈரக்காற்றில் அரைத் தாங்கியோடு இரவு முழுக்க நின்ற விமானத்தில் இதை ஓடி ஓடிச் செய்யக்கூடாது. இந்த இருபது நிமிடத்துக்கு யாரும் பில் போடுவதில்லை.

வன்னிக்காரருக்கு உண்மையான செலவு ஏ9 வீதியில் இருக்கிறது. இரவு பஸ்ஸில் ஏறினால் விடியப்புறம் கொழும்பு. முறிகண்டியில் தேத்தண்ணி, பிறகு ஒவ்வொரு குலுக்கலுக்கும் முழிப்பு. ஆறு மணிக்கு இறங்கி ஏழு மணிக்கு விமானத்தில் ஏறினால் அந்த நாளின் முதல் இரண்டு இறக்கமும் குதிப்பாகத்தான் முடியும். அவற்றைத் திருத்த இன்னும் இரண்டு சர்க்கிட், அதற்கும் மீற்றர் ஓடும். நித்திரை இல்லாத கண்ணோடு பறப்பது ஆபத்து என்பது வேறு. முதல் நாள் பகல் யாழ்தேவியில் வந்து வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீட்டில் படுத்து எழும்பினால், காலையில் காலி வீதியால் இரத்மலானைக்கு ஒரு சின்ன ஓட்டம். ரயில் காசும் மாமி வீட்டுக்கு வாங்கிப்போகும் மாம்பழமும் சேர்ந்தாலும் இரண்டு சர்க்கிட்டின் காசுக்குக் கிட்டவும் வராது.

அன்றைய முதல் பறப்பு நேரத்தை, முதல் ஸ்லொட்டைத்தான், கேட்கவேண்டும். இரத்மலானை ஓடுபாதை கடலுக்குப் பக்கம். வெயில் ஏற ஏறக் கடற்காற்று பக்கவாட்டாக அடிக்கத் தொடங்கும். புதிய கைக்கு அதுவும் பயிற்சிதான், ஆனால் மாதத்தில் ஒரே ஒரு மணித்தியாலம் வைத்திருப்பவர் அதை முழுக்கக் காற்றோடு மல்லுக்கட்டிச் செலவழிக்க ஏலாது.

இரண்டு மாதம் போகாமல் விட்டால் என்ன? அநேகமான இடங்களில் இடைவெளி நீண்டால் இன்ஸ்ட்ரக்டரோடு, கை பார்க்கிற செக் பறப்பு பறந்துதான் விமானத்தைத் தருவார்கள். அந்த மணித்தியாலத்துக்கு வாடகையும் போகும், இன்ஸ்ட்ரக்டர் காசும் போகும். மாதாமாதம் ஒன்று பறப்பவரைவிட மூன்று மாதத்துக்கு ஒருக்கால் மூன்றாகப் பறப்பவர் அதே மணிக்குக் கூடக் கொடுப்பது இப்படித்தான்.

மொத்தமாக மணித்தியாலம் வாங்கினால் கழிவு கிடைக்கும். பத்துக்கு மேல் முன்பணம் கட்டவேண்டாம் என்பது என் கருத்து. ஒரே விமானத்தை நம்பியிருக்கும் இடத்தில் அது பாகம் வரும் வரைக்கும் தரையில் நின்றால் உங்கள் காசும் அதோடு நிற்கும்.

இரண்டு பேராகப் போவது

என் தெரிவு இது. வடக்கிலிருந்து போய்ப் பழகிய இன்னொருவரைப் பிடியுங்கள். ஒரு மணித்தியாலம் நீங்கள், அடுத்தது அவர். பயணமும் தங்கலும் சேர்ந்து. அல்லது போகும் வழி உங்கள் லொக்புக்கில் (பறந்த மணிகளை எழுதும் புத்தகம்), திரும்பும் வழி அவருடையதில். விமானப் பொறுப்பு ஒருநேரத்தில் ஒருவருக்குத்தான், ஆகவே பதிவும் ஒருவருக்குத்தான். அரைக் காசு, அரை மணி. இலாபம் எங்கே என்றால் பக்கத்துச் சீட்டில் சும்மா இருந்து பார்ப்பதில். றேடியோவை அவர் பார்க்க, வரைபடத்தை நீங்கள் பார்க்க, காசில்லாமல் இன்னொரு மணித்தியாலம் மூளை வேலை செய்கிறது. ஒருவர் வராத மாதம் மற்றவருக்கு வெட்கமாவது வரும். தவறாமல் போவதற்கு அதைவிட நல்ல மருந்து இல்லை.

எடையைப் பாருங்கள். 152இன் உச்ச எடை 757 கிலோ. தாங்கி நிரப்பினால் ஆக்களுக்கு மிஞ்சுவது, விமானத்துக்கு விமானம் கொஞ்சம் மாறும், சுமார் 180 கிலோ. கலியாண வீட்டுச் சாப்பாட்டில் வளர்ந்த இரண்டு பேர் ஏறினால் எரிபொருளைக் குறைக்கவேண்டும். நாலு சீட் செஸ்னா 172 மணிக்கு 30 லீற்றருக்கு மேல் குடிக்கும். மூன்று பேர் பகிர்ந்தால் தலைக்கு மலிவு, தனியே எடுத்தால் வீண்.

இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு நேர்கோட்டில் சுமார் 330 கிலோமீற்றர். 152இல் போக இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. போய்த் திரும்பச் சுமார் 85 லீற்றர் வேண்டும். தாங்கியில் பாவிக்கக்கூடியது ஏறத்தாழ 93. கையிருப்பாக வைத்திருக்கவேண்டிய அரை மணித்தியால எரிபொருளைக் கூட்டினால் காணாது. ஆகவே அங்கே நிரப்ப முடியுமா, அனுமதிகள் என்ன என்று முதலே உறுதிப்படுத்தாமல் கிளம்பக்கூடாது. ஆனால் இரண்டு பேர் ஆளுக்கொரு வழியாக வருடத்தில் ஒருக்கால் செய்யத் தகுந்த பறப்பு இது. 

செலவைப் பகிர்வதற்கும் கூலி வாங்குவதற்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. பிபிஎல்காரர் கூலிக்குப் பறக்கமுடியாது. அமெரிக்க விதியில் விமானி எரிபொருள், வாடகை முதலியவற்றில் தன் பங்குக்குக் குறையாமல் தானே கட்டவேண்டும். நம் ஊரில் இந்தக் கோட்டைச் சோதிக்கிற அழைப்பு இப்படி வரும்: "தம்பி, எங்கட அம்மன் கோயில் பொங்கலுக்கு மேலால பூப்போட ஏலுமோ? காசு தாறம்." காசு வாங்கினால் அது வர்த்தகப் பறப்பு. வாங்காவிட்டாலும் சனக்கூட்டத்துக்கு மேலே தாழப் பறந்து பொருள் போடத் தனி அனுமதி வேண்டும். அம்மனுக்கு நடந்துபோய்ப் பூ வையுங்கள். நண்பர்களோடு செலவு பகிர்வதென்றாலும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

கூட்டாக விமானம் வாங்குவது

கேட்க இனிக்கும். நாலு பேர், ஆளுக்கொரு பங்கு, புலம்பெயர்ந்த அண்ணை ஒருவர் பெரிய பங்கு. பிரித்தானியாவில் இப்படிக் குழுக்கள் நிறைய உண்டு, நன்றாகவும் நடக்கின்றன. அங்கே ஆளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஓடுபாதை இருக்கிறது.

இங்கே காப்புறுதி, நிறுத்துமிடம், வருடாந்தப் பரிசோதனை மூன்றும் நீங்கள் பறந்தாலும் வரும், பறக்காவிட்டாலும் வரும். வருடத்துக்கு 100 மணித்தியாலத்துக்குக் குறைவாகப் பறக்கிறவருக்கு வாடகையே மலிவு என்பது விமானம் வைத்திருப்பவர்களின் பழைய நடைமுறைக் கணக்கு. எஞ்சினையும் யோசியுங்கள். 152இல் உள்ள லைகமிங் ஓ-235க்கு முழுப் பழுதுபார்ப்பு 2400 மணித்தியாலத்தில் என்கிறது கம்பனி. மணி ஓடாவிட்டாலும் 12 வருடத்தில். ஓடாமல் நிற்பது அதற்கு இன்னும் கெடுதி. உப்புக்காற்றில் கிழமைக்கணக்கில் நின்றால் எண்ணெய் வடிந்து உள்ளே காம் தண்டில் துருப்பிடிக்கும்.

ஆட்கள் விசயத்திலும் சிக்கல்தான். நாலு சகோதரருக்கு ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் இருக்கிற வீட்டைப் பாருங்கள், காலபோக விதைப்புக்கு முதல் மழை விழுந்த அன்றைக்கு நாலு பேருக்கும் அது வேண்டும். விமானத்தில் அந்த நாள் ஒவ்வொரு சனிக்கிழமைக் காலையும். வன்னியில் இருந்துகொண்டு இரத்மலானையில் பங்கு வாங்குவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

வெளிநாட்டுப் பயணத்தோடு சேர்த்துப் பறப்பது

கனடாவின் ஸ்காபரோவில் சித்தப்பா இல்லாத வீடு வன்னியில் குறைவு. எப்படியும் கலியாணத்துக்கோ பிள்ளை பார்க்கவோ போகிறீர்கள் என்றால் இந்த வழி பெறுமதியானது. கனடாவில் வெளிநாட்டு அனுமதிப்பத்திரத்தை வைத்து, பொழுதுபோக்குப் பறப்புக்கு ஒரு செல்லுபடிச் சான்றிதழ் எடுக்கலாம். அமெரிக்காவிலும் உங்கள் பத்திரத்தை அடிப்படையாகக் கொண்டு அங்கத்தைய தனியார் பத்திரம் தருவார்கள். உங்கள் நாட்டு அதிகாரசபை அதைச் சரிபார்த்து உறுதிப்படுத்தவேண்டும், அதோடு ஒரு பறப்பு மீளாய்வும் உண்டு. கடிதம் போய் வரக் கிழமைகள் எடுக்கும், ஆகவே ரிக்கற் போடும்போதே விண்ணப்பியுங்கள்.

பழகிய இடம் இல்லை, வேறு வான்வெளி, வேறு றேடியோப் பழக்கம். இன்ஸ்ட்ரக்டரோடு இரண்டு மூன்று மணித்தியாலம் போய்த்தான் தனியே தருவார்கள். மொத்தம் ஐந்து மணித்தியாலம் பறக்கிற காசோடு போனால் பாதி அதற்கே போய்விடும். பதினைந்துக்கு இருந்தால் போங்கள். பறப்பதற்காக மட்டும் ரிக்கற் எடுத்துப் போவது மலிவு வழி இல்லை.

மைக்ரோலைட், சிமியுலேற்றர்

மைக்ரோலைட் வகைச் சிறு விமானங்களில் பலவற்றில் ரோட்டக்ஸ் 912 எஞ்சின். கார்ப் பெற்றோலிலும் ஓடும், மணிக்கு 15 முதல் 18 லீற்றர். பறக்கிற சந்தோசத்துக்கு இதைவிட மலிவில்லை. வன்னியில் இல்லை, அந்த மணிகளை வர்த்தகப் பத்திரத்துக்கு எந்த அளவு எடுப்பார்கள் என்பதும் நாட்டுக்கு நாடு வேறு. சொந்தக்காரர் அவுஸ்திரேலியாவிலோ இங்கிலாந்திலோ இருந்தால் விசாரிக்கலாம்.

வீட்டுக் கணினியில் சிமியுலேற்றர் பறந்தது லொக்புக்கில் ஏறாது. ஆனாலும் மாதப் பறப்புக்கு முதல் நாள் செக்லிஸ்டை வாய்விட்டுச் சொல்லி, றேடியோ வசனங்களை உரக்கப் பேசி, ஒரு சுற்று ஓட்டிப்பாருங்கள். மீற்றர் ஓடும்போது யோசிக்கிற நேரம் குறையும். இறக்கம் மட்டும் அதில் பழகவேண்டாம். கண் கருவிப்பலகையிலேயே ஒட்டிப்போகும், அதை வெளியே எடுக்க இன்ஸ்ட்ரக்டருக்குக் காசு கட்டவேண்டிவரும்.

சிபிஎல் (வர்த்தக விமானி அனுமதிப்பத்திரம்) நோக்கம் உள்ளவருக்கு

மேலே சொன்ன எல்லாம் கையை உயிரோடு வைத்திருக்க நினைப்பவருக்கு. விமானி வேலைதான் இலக்கு என்றால் கணக்கு வேறு. சர்வதேச அளவில் வர்த்தகப் பத்திரத்துக்குப் பொதுவான ஆகக்குறைந்த வரம்பு 200 மணித்தியாலம், அங்கீகரிக்கப்பட்ட தொடர்பயிற்சியில் 150. கையில் 50 மணித்தியாலத்தோடு மாதம் ஒன்றாகப் போனால் 200ஐத் தொடப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் எழுதிய பரீட்சைகளின் காலமும் முடிந்துவிடும்.

அப்படியானவர் மாதப் பறப்பை மூன்று மாதத்துக்கு ஒன்றாகக் குறைத்து, மிச்சக் காசைச் சீட்டில் போட்டு, ஒரே மூச்சில் முப்பது நாற்பது மணித்தியாலம் அடிப்பது நல்லது. தினமும் பறக்கும்போது செக் பறப்பு வராது, மறந்ததைத் திருப்பிப் படிக்கிற நேரமும் மிச்சம். சீட்டு எடுக்கிற மாதத்தை மட்டும் யோசித்துத் தெரியுங்கள். மேற்குக் கரையில் மழை குறைந்த காலம் ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை. காலபோக நெல்லு விற்ற காசை நம்பியிருந்தால் அது கைக்கு வருவதற்குள் மாசி கடந்துவிடும், ஏப்ரலில் பின்னேரம் பின்னேரம் இடி மழை. சீட்டு மார்கழியில் கைக்கு வரவேண்டும்.