தேதி மாறாமல் மின்னஞ்சலைச் சேமிக்க: தண்டர்பேர்டின் இம்போர்ட்எக்ஸ்போர்ட்டூல்ஸ் என்ஜி

அலுவலக மின்னஞ்சல்களைப் பொது டிரைவில் கோப்புகளாகச் சேமித்து வைப்பது பல ஆண்டுகளாக என் பொறுப்பில் இருக்கிறது. முன்பெல்லாம் மின்னஞ்சல்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஃபோல்டருக்குள் இழுத்துப் போட்டுவிடுவோம். ஒருமுறை தணிக்கைக்காக ஓர் ஒப்பந்தத்தின் கடிதப் போக்குவரத்தைத் தேதி வரிசையில் கேட்டார்கள். ஃபோல்டரைத் திறந்தால், மூன்று ஆண்டுகளில் வந்த 300-க்கும் மேற்பட்ட கடிதங்களும் ஒரே நாள் பிற்பகலின் தேதியைக் காட்டின. அது நாங்கள் அவற்றை இழுத்துப் போட்ட பிற்பகல். உண்மையான தேதி ஒவ்வொரு கடிதத்தின் உள்ளேயும் பத்திரமாக இருந்தது. ஆனால் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து வரிசைப்படுத்த இரண்டு நாள் பிடித்தது.

அதன் பிறகு தேடிப் பிடித்ததுதான் தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் மென்பொருளோடு சேர்த்துக்கொள்ளும் இந்த இலவச நீட்சி, இம்போர்ட்எக்ஸ்போர்ட்டூல்ஸ் என்ஜி. ஒரு ஃபோல்டரில் உள்ள எல்லா மின்னஞ்சல்களையும், ஒவ்வொரு கடிதத்தையும் தலைப்போடு அப்படியே வைத்திருக்கும் இஎம்எல் (.eml) கோப்புகளாக ஒரே சொடுக்கில் வெளியே எடுத்துத் தருகிறது. கோப்பின் பெயரிலேயே 20190614 என்பது போல ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியைச் சேர்த்துவிடுவதால், பெயர்வரிசையே காலவரிசையாகிவிடுகிறது. இவை தவிர, கோப்பின் மாற்றப்பட்ட நேரத்தையே மின்னஞ்சலின் நேரமாக வைக்கும் விருப்பமும் அமைப்புகளில் உண்டு. அதை நாமே தேடி இயக்க வேண்டும்.

இரண்டில் நான் பெரிதும் நம்புவது பெயரில் உள்ள தேதியைத்தான். கோப்பின் நேரம் என்பது கோப்புக்கு வெளியே, டிரைவின் பதிவேட்டில் இருக்கும் குறிப்பு. விண்டோஸில் சாதாரணமாக நகலெடுத்தால் மாற்றப்பட்ட நேரம் தப்பும், உருவாக்கப்பட்ட நேரம் நகலெடுத்த நேரமாகிவிடும். விண்டோஸில் கட்டளை மூலம் நகலெடுக்கும் கருவியான ரோபோகாப்பி கோப்புகளின் தேதிகளைக் காப்பாற்றும், ஆனால் ஃபோல்டர்களின் தேதிகளுக்குக் கட்டளையில் தனியாகக் கேட்க வேண்டும். டிரைவை மாற்றும்போது யாராவது ஒருவர் இதை மறந்தால் போதும், பழைய நிலைதான். பெயரில் எழுதிய தேதியை யாராவது வேண்டுமென்றே மாற்றினாலொழிய அது போகாது.

இதன் எல்லை ஒன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். நீட்சி எடுத்துக்கொள்வது கடிதத் தலைப்பின் டேட் (Date) வரியை. அதை எழுதுவது அனுப்பியவரின் கணினி. அவர் கணினியில் கடிகாரம் தவறாக இருந்தால் பெயரில் உள்ள தேதியும் தவறாகும். கடிதம் நம்மிடம் வந்து சேர்ந்த நேரத்தை, வழியில் ஒவ்வொரு சர்வரும் சேர்க்கும் ரிசீவ்டு (Received) வரிகள் சொல்லும். இஎம்எல் கோப்பில் அவை முழுமையாக இருப்பதால், சர்ச்சை வந்தால் நோட்பேடில் திறந்தே காட்டலாம். பிடிஎஃப் ஆக எடுக்கும் வசதியும் இருக்கிறது. அதில் அந்த வரிகள் கிடைக்காது என்பதால் ஆவணக் காப்புக்கு நான் அதைப் பயன்படுத்துவதில்லை.

கடிதத்தின் பொருள் வரியும் கோப்பின் பெயரில் சேர்வதால், அதைத் தமிழில் எழுதும் அலுவலகங்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. பொது டிரைவாகப் பயன்படும், லினக்ஸில் இயங்கும் பல சேமிப்புக் கருவிகளில் கோப்பின் பெயர் 255 பைட்டுகளைத் தாண்டக் கூடாது. தமிழ் எழுத்துக் குறிகள் ஒவ்வொன்றும் 3 பைட்டுகள். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாகக் கணக்கில் வரும். ஆக 85 குறிகளுக்குள் பெயர் முடிய வேண்டும். ‘நிலுவைத் தொகை வழங்கக் கோருதல் தொடர்பாக’ என்ற சாதாரணத் தலைப்பே அதில் கிட்டத்தட்ட பாதியைத் தின்றுவிடும். பெயரின் நீளத்தைக் குறைக்கும் விருப்பத்தை இதற்காகவே இயக்கி வைத்திருக்கிறேன். ஆங்கில எழுத்துகளை மட்டும் அனுமதிக்கும் விருப்பத்தைத் தொடாதீர்கள். தமிழ்த் தலைப்பு முழுவதும் அடிக்கோடுகளாகிவிடும்.

கடிதங்களின் பட்டியலைத் தேதி, அனுப்புநர், பொருள் ஆகியவற்றோடு தனிக் கோப்பாகவும் எடுக்கலாம். ஒவ்வொரு ஃபோல்டரிலும் அதையும் வைத்துவிடுகிறேன். பின்பு மூன்று கடிதங்களைத் திறந்து, உள்ளே உள்ள தேதியும் பெயரில் உள்ள தேதியும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே அஞ்சல் பெட்டியிலிருந்து மூலத்தை நீக்குகிறேன்.