எட்டு போல்ட், எட்டு கம்பி: டைகர் மோத்தோடு ஒன்றரை வருடம்

போன வாரம் பிறையிலிருந்து ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் கேட்டார்: "அண்ணே, நீங்க கட்டின அதே டைகர் மோத் கிட்டு 890 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 620க்கு இறங்கியிருக்கு. வாங்கலாமா?" டைகர் மோத் என்பது இரண்டடுக்கு இறக்கை கொண்ட பழைய விமானம். அதன் சின்ன மாதிரியைப் பாகங்களாக வாங்கி, நாமே கட்டி, ரிமோட்டில் பறக்கவிடுவதற்கான பெட்டிதான் இந்தக் கிட்டு.

அவர் கேட்ட நேரம் சரியில்லை. வளைந்துபோன சக்கரக் கம்பியை நிமிர்த்தி, பிளந்த மூக்குப் பலகைக்கு எப்பாக்சி தடவிவிட்டு, விரலில் காய்ந்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். "வேண்டாம்" என்று ஒற்றை வார்த்தையில் பதில் போட்டேன். ராத்திரி படுத்த பிறகு, காசு போட்டு வாங்கப்போகிறவருக்கு இப்படியா பதில் சொல்வது என்று உறுத்தியது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பெட்டி மேலேயே அச்சடித்திருப்பதை நீட்டி முழக்கப்போவதில்லை. 1/6 அளவு, மேல் இறக்கை முனைக்கு முனை 1.49 மீட்டர், லேசரில் வெட்டிய பால்சா மரமும் பிளைவுட்டும். நான் போட்டிருப்பது 4 செல் 3300 mAh பேட்டரி, 13 அங்குலப் புரப்பெல்லர். பறக்கும்போது எடை 2.4 கிலோ. அவசரப்படாமல் ஓட்டினால் எட்டு நிமிடம் வரும். ராத்திரி ராத்திரியாக ஐந்து மாதம் கட்டினேன். 61 முறை பறந்துவிட்டது.

எனக்குப் பேசவேண்டியது போல்ட்டைப் பற்றி.

இரண்டடுக்கு இறக்கை என்றால் நடுவே தூண்கள் நிற்கவேண்டும். பக்கத்துக்கு இரண்டு தூண், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒன்று கீழே ஒன்று என்று மொத்தம் எட்டு போல்ட். எல்லாம் 2 மில்லிமீட்டர். அதற்கு மேல் குறுக்கும் நெடுக்குமாக எட்டு இரும்புக் கம்பி, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு குட்டிக் கொக்கி. என் மைவி காரில் விமானத்தை முழுசாக ஏற்ற முடியாது. ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் வயல் ஓரத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து பதினாறையும் மாட்டவேண்டியிருந்தது, திரும்பும்போது பதினாறையும் கழற்றவேண்டியிருந்தது. மாட்ட 35 நிமிடம். கடிகாரம் வைத்துப் பார்த்தேன்.

35 நிமிடம் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்கள் பினாங்கில் விமானம் விட்டதில்லை. தீவில் இடம் ஏது? தெற்கே பாயான் லெப்பாஸ் விமான நிலையம், எதிர்க்கரையில் பட்டர்வொர்த் விமானப்படைத் தளம், மிச்சமெல்லாம் மலையும் மாடிவீடும். நான் ஆயர் ஈத்தாமிலிருந்து காலை ஆறு மணிக்குக் கிளம்பி, இரண்டாவது பாலம் ஏறி, பாரிட் புந்தார் பக்கம் அறுவடை முடிந்த வயலுக்குப் போகிறேன். போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரத்தில் நன்றாக வெளிச்சம் வந்துவிடும். காற்று அசையாத நேரம் அங்கிருந்து ஒன்றரை மணி, நல்ல நாளில் இரண்டு. அப்புறம் கடல் காற்று எழும்பிவிடும். இந்த விமானத்துக்குப் பக்கக் காற்று ஜென்மப் பகை. அந்தத் தங்கமான நேரத்தில் 35 நிமிடத்தைக் குனிந்தபடியே கழித்தேன். பக்கத்தில் ஒரு பையன் நுரை விமானத்தில் பேட்டரியைச் சொருகி, வீசி எறிந்து, மூன்று தடவை இறக்கிவிட்டு, ரொட்டி சானாய் பொட்டலத்தைப் பிரிப்பான்.

போல்ட் விழுந்தால் கதை முடிந்தது. பெட்டியில் வந்த சாதா இரும்பு போல்ட் நம் ஊர் ஈரத்துக்கு இரண்டே மாதத்தில் துரு பிடித்தது. புத்திசாலித்தனமாக எட்டையும் ஸ்டெயின்லெஸ்ஸாக மாற்றினேன். அடுத்த ஞாயிறே ஒன்று கைநழுவி அறுத்த நெல்தாளுக்குள் விழுந்தது. பையிலிருந்த காந்தத்தை எடுத்துக் கால் மணி நேரம் துழாவினேன். அப்புறம்தான் உறைத்தது: அந்த ஸ்டெயின்லெஸ் காந்தத்தில் ஒட்டாது. வரப்பில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பாக்சிக் (மலாய்ப் பெரியவர்) ஒருவர் என்னோடு குனிந்து தேடிவிட்டு, நிமிர்ந்து, "பெராப்பா ஹர்கா?" என்று கேட்டார். போல்ட்டின் விலையைக் கேட்கிறாரா விமானத்தின் விலையையா என்று புரியவில்லை. போல்ட்டின் விலையையே சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

இது கிட்டின் குற்றமா என்றால், பாதிதான். அசல் டைகர் மோத்திலும் தூணும் கம்பியும் இப்படித்தான். ஆனால் இன்னொன்று முழுக்க அவர்கள் குற்றம், அதை விடமாட்டேன்.

மேல் இறக்கையைத் தாங்கும் நாலு கபேன் கால்களை வளைத்தே அனுப்பியிருந்தார்கள். நல்லது, வேலை மிச்சம் என்று அப்படியே பூட்டினேன். முதல் பறப்பிலிருந்தே திராட்டிலை, அதாவது மோட்டார் வேகத்தை, கூட்டினால் மூக்கு வானத்தைப் பார்க்கும். மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடான எலவேட்டரின் டிரிம்மைக் கீழே தள்ளிக்கொண்டே போனேன். மோட்டாருக்குப் பின்னால் வாஷர் வைத்துக் கீழ்நோக்கிச் சாய்த்தேன். கொஞ்சம் அடங்கியது. அப்படியே மூன்று மாதம் மல்லுக்கட்டினேன். ஒருநாள் மழையில் வீட்டில் அடைந்து கிடந்தபோது கோணமானியை இறக்கைமேல் வைத்தால், கீழ் இறக்கை 1 டிகிரி, மேல் இறக்கை இரண்டரைக்கு மேல். வரைபடத்தில் இரண்டுக்கும் 1 டிகிரிதான். முன் கபேன் கால் பின்னதைவிட 2.5 மி.மீ கூடுதல் உயரம். இரண்டுக்கும் இடைவெளி 90 மி.மீ. கணக்குப் போட்டால் ஒன்றரை டிகிரி சொச்சம், அச்சு அசலாகப் பொருந்துகிறது. ஒரு நகக்கண் அளவு பிசகுக்காக மூன்று மாதம் என் கையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். காலைக் கழற்றி, வைஸில் பிடித்து வளைத்து, மறுபடி பூட்டினேன். அடுத்த ஞாயிறு பாதித் திராட்டிலில் நூல் பிடித்ததுபோல் போனது. விற்றவருக்கு எழுதினேன். பதில் வந்தது, அன்பான பதில். மாற்றுக் கால் வரவில்லை.

எடைமையத்திலும், அதாவது விமானம் சமமாக நிற்கவேண்டிய புள்ளியிலும், ஒரு பொறி இருக்கிறது. அதற்கு அசல் விமானத்தின் கதை தெரியவேண்டும். 1931 அக்டோபர் 26 அன்று முதலில் பறந்த இந்த டைகர் மோத், முந்தைய ஜிப்ஸி மோத்தைத் திருத்திச் செய்தது. பழையதில் முன் இருக்கைக்காரர் தலைக்கு மேலேயே இறக்கை. பாராசூட் கட்டிக்கொண்டு அவசரத்துக்கு வெளியேறுவது பெரும்பாடு. அதனால் மேல் இறக்கையை முன்னால் தள்ளினார்கள். தள்ளியதும் தூக்குவிசையும் முன்னால் போய்விட்டது. அதைச் சரிக்கட்ட இறக்கைகளின் நுனிப் பக்கத்தைப் பின்னால் சாய்த்தார்கள். அந்தச் சாய்வுதான் நமக்கு வினை. கையேடு தரும் எடைமைய அளவு நடு இறக்கையின் முன்விளிம்பிலிருந்து. நானோ தூணுக்குப் பக்கத்தில் முன்விளிம்பிலிருந்து அளந்து, அங்கே விரல் வைத்துத் தூக்கினேன். அழகாகச் சமமாக நின்றது, ஈயமே வேண்டாம்! மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். வயலில் ஒரு பழைய கை பார்த்துவிட்டு, "இதை விட்டா வாலாலதான் இறங்கும்" என்றார். சரியாக அளந்தபோது மூக்கில் 140 கிராம் ஈயம் போனது. மூக்கு குட்டை என்பதால் அவ்வளவு தேவைப்படுகிறது. மீன்பிடிச் சாமான் கடையில் ஈயக்குண்டு வாங்கிக்கொள்ளுங்கள், மலிவு.

எய்லரானை, அதாவது விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைத் தகட்டை, சுருக்கமாகச் சொல்கிறேன். கீழ் இறக்கையில் மட்டும்தான் எய்லரான். மேலும் கீழும் ஒரே அளவு அசைய வைத்தால், இடது பக்கம் திருப்பச் சொன்னால் மூக்கு வலது பக்கம் முறைத்துக்கொண்டு போகும். அசலிலேயே இறங்கும் எய்லரான் கொஞ்சமாகத்தான் அசையும்படி இணைத்திருந்தார்கள். நான் மேலே 20 மி.மீ, கீழே 8 மி.மீ வைத்திருக்கிறேன். வாலில் திருப்பும் தகடான ரடரையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். டிரான்ஸ்மிட்டரில் இரண்டையும் தானாகச் சேர்த்து அசைக்கும் மிக்ஸிங் போட்டால் போயிற்று என்பார்கள். போடாதீர்கள், கட்டைவிரல் கற்றுக்கொள்ளட்டும்.

கட்டும் வேலையைக் குறை சொல்லமாட்டேன். விலாக்கள் ஒன்றுக்குள் ஒன்று சொருகி உட்காருவதைப் பார்க்கவே சுகம். லேசர் கருக்கிய ஓரத்தை மட்டும் லேசாகத் தேய்த்துவிட்டு ஒட்டுங்கள், இல்லாவிட்டால் பிடிப்பிருக்காது. காம் காஜா (சூப்பர் குளூ) நம் ஊரில் கண் மூடித் திறப்பதற்குள் பிடிக்கும், ஏனென்றால் அது இறுகுவதே காற்றிலிருக்கும் ஈரத்தால்தான். திறந்த பாட்டிலும் அதே வேகத்தில் கல்லாகும். எங்கள் வீட்டில் அது ஃபிரிட்ஜில், சாம்பார் தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும். அதற்காக நடந்த சண்டை தனி. இறக்கைமேல் போர்த்தும் பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டியபோது தோல்போல் இழுத்துப் பிடித்தது. வெயிலில் காருக்குள் ஒரு மணி நேரம் விட்டதும் கிழவன் கன்னம் மாதிரி சுருங்கிவிட்டது. அயர்ன் போட்டால் மறுபடி நிமிரும். மாதம் ஒருமுறை போடுகிறேன், சட்டைக்குப் போடுவதைவிட அக்கறையாக.

இனி நல்லதைச் சொல்கிறேன்.

ஐந்தாவது பறப்பு. பேட்டரியைக் கவனிக்காமல் ஓட்டி, மோட்டார் தானாக நின்றுவிட்டது. நெஞ்சு திக்கென்றது. மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி வயலை நோக்கித் திருப்பினேன். மோட்டார் சத்தம் இல்லை, புரப்பெல்லர் சும்மா நிற்கிறது. அப்போது கேட்டது. குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் மெல்லிசாக ஒரு சீற்றம் கசியுமே, அதுபோல. தலைக்கு மேலே வரவர அது சீட்டியாக மாறி, கடந்து போகும்போது தாழ்ந்து அடங்கியது. கம்பிகள். நான் தினம் திட்டிக்கொண்டிருந்த அதே எட்டுக் கம்பிகள் காற்றில் பாடின.

ஏன் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். உருண்டைக் கம்பியைக் காற்று கடக்கும்போது பின்னால் மாறி மாறிச் சுழல் விட்டுக்கொண்டே போகும். காற்றின் வேகத்தைக் கம்பியின் தடிமனால் வகுத்து 0.2ஆல் பெருக்கினால் சுருதி கிடைக்கும். விநாடிக்கு 12 மீட்டர் வேகம், 0.8 மி.மீ கம்பி என்றால் 3,000 ஹெர்ட்ஸ். அதனால்தான் அவ்வளவு உச்சக் குரல். அதற்குப் பிறகு ஒவ்வொரு பறப்பிலும் கடைசி நிமிடத்தை மோட்டாரை அணைத்துவிட்டே இறக்குகிறேன். நுரை விமானப் பையன்கூட ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பான். போன வாரம் மூக்குப் பலகை பிளந்ததும் அந்த ஆசையால்தான். இன்னொரு சுற்று கேட்கலாம் என்று இழுத்தேன், உயரம் போதவில்லை, தாளில் சக்கரம் மாட்டித் தலைகுப்புற விழுந்தது. இதைக் கிட்டின் தலையில் கட்ட முடியாது.

பலர் கம்பியைத் தூக்கிப் போட்டுவிட்டு வெள்ளி நிற எலாஸ்டிக் கட்டுகிறார்கள். நொடியில் மாட்டலாம், தூரத்தில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. நானும் ஒரு மாதம் கட்டினேன். பாட்டு இல்லை. தொளதொளவென்று ஒரு படபடப்பு மட்டும். கழற்றிவிட்டேன்.

35 நிமிடத்துக்கு இப்போது வழி கண்டுபிடித்திருக்கிறேன். உடலின் அடியில் மாட்டவேண்டிய கம்பி நுனிகளைக் கீழ் இறக்கையின் அடிவிலாவுக்கு மாற்றினேன். அங்கே பிளைவுட் துண்டு ஒட்டிப் பலப்படுத்திய பிறகுதான். இனி இடப்பக்கத்து மேல் இறக்கை, கீழ் இறக்கை, தூண், கம்பி எல்லாம் ஒரே கூடாகக் கழன்று வரும். வலப்பக்கமும் அப்படியே. பழைய வேட்டியில் சுற்றிப் பின் சீட்டில் சாய்த்து பெல்ட் போட்டுவிடுகிறேன். வயலில் இணைப்புக் குழாயில் செருகி, பக்கத்துக்கு இரண்டு திருகு, அவ்வளவுதான். 9 நிமிடம். இதைக் கையேட்டில் ஒரு பக்கம் போட்டிருந்தால் என் முட்டி இன்றைக்கு இப்படி வலிக்காது. 62 பக்கக் கையேட்டில் ஸ்டிக்கர் ஒட்டுவதற்கே நாலு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

மதிப்பெண் கேட்டால்: கட்டும் சுகத்துக்கு 8, பறக்கும் அழகுக்கு 9, சத்தத்துக்கு 10. மொத்தத்தில் 4. கணக்கு இடிக்கிறதென்றால் இடிக்கட்டும், கபேன் கால் இன்னும் மனதில் இருக்கிறது.

தம்பிக்கு இப்போதும் என் பதில் வேண்டாம் என்பதுதான். 620 வெள்ளிக்கு நல்ல நுரை விமானம் வரும், பேட்டரியோடு. அதை மீறி வாங்கித்தான் தீருவேன் என்றால், பெட்டியைத் தனியாகப் பிரிக்காதே, நானும் வருகிறேன். முதலில் அந்த முன் காலை அளப்போம். வரும்போது 2 மி.மீ போல்ட் இரண்டு பாக்கெட் வாங்கி வா, காந்தத்தில் ஒட்டுகிற வகையாகப் பார்த்து. எனக்கும் தீர்ந்துவிட்டது.