பனிக்காலத்தில் ஸ்டார்ட் அடிக்கும்போது லொறி எஞ்சின் மெதுவாகச் சுற்றுகிறதா? பெட்டரி மாற்ற முன் இதை வாசியுங்கள்

கந்தப்பளை, இராகலை, ஹைபொரஸ்ட், நானுஓயா பக்கம் மரக்கறி லொறி வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். 1,800 ரூபா வேலைக்கு நான் 154,500 ரூபா கொடுத்திருக்கிறேன். இன்னொருவர் அப்படிக் கொடுக்கக்கூடாது.

என்னுடையது பழைய ஜப்பான் லொறி. 14 அடி, 24 வோல்ட், இரண்டு பெட்டரி. பின்னேரம் லீக்ஸும் கரட்டும் ஏற்றி வைத்துவிட்டு அதிகாலை மூன்று மணிக்குத் தம்புள்ளைக்குக் கிளம்புவேன். ஜனவரியில் ஒரு நாள் சாவியைத் திருப்பினால், எப்போதும் ஒரே மூச்சில் சுற்றும் எஞ்சின் முக்கி முக்கி இரண்டு சுற்று சுற்றி நின்றுவிட்டது. மூன்றாவது தடவைதான் பிடித்தது. தம்புள்ளையில் மத்தியானம் ஸ்டார்ட் அடித்தபோது ஒரு குறையும் இல்லை. வீட்டுக்கு வந்து அடுத்த அதிகாலை மறுபடி அதேதான். நுவரெலியாவுக்குத் துகள் உறைபனி என்று வானிலை அறிக்கையில் சொல்லிக்கொண்டிருந்த வாரம் அது. தோட்டத்துப் புல் விடியும்போது வெள்ளையாகக் கிடந்தது.

நகரத்துக் கராஜ் ஒன்றுக்குக் கொண்டுபோனேன். அவர் சாவியைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. "பெட்டரி செத்துவிட்டது தம்பி, குளிருக்குத் தாங்காது" என்றார். என் பெட்டரிகளுக்கு அப்போது பதினொரு மாதம்தான். அதைச் சொன்னேன். "இந்தக் குளிரில் அவ்வளவுதான் உழைக்கும்" என்று சொல்லி, இரண்டையும் கழற்றிப் பழைய சாமான் விலைக்கு எடுத்துக்கொண்டு, 'புதுசு' இரண்டு போட்டார். 92,000 ரூபா. மத்தியானம் இரண்டு மணிக்கு, சூடான எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார். நன்றாகச் சுற்றியது. சூடான எஞ்சின் முன்பும் நன்றாகத்தான் சுற்றியது என்பது எனக்கு அந்த நேரம் உறைக்கவில்லை.

அடுத்த அதிகாலை பழைய கதை. திரும்பப் போனேன். இந்த முறை ஸ்டார்ட்டர் மோட்டரில் காபன் (சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கட்டை) தேய்ந்துவிட்டது என்றார், 38,000. அதற்கும் சரிவராமல் போனபோது ஹீட்டர் பிளக் நான்கும் போய்விட்டது என்றார்; 18,000. இடையில் எக்ஸலரேட்டர் கேபிள் இறுகிப்போயிருந்தது, அதையும் 6,500க்கு மாற்றினார். ஒவ்வொரு முறையும் மத்தியானத்தில்தான் ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார். லொறியை இரவு கராஜிலேயே விட்டுப் போகிறேன், விடியற்காலையில் பாருங்கள் என்று கேட்டேன். தேவையில்லை என்றுவிட்டார்.

ஹீட்டர் பிளக் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். டீசல் எஞ்சின் காற்றை அழுத்தி வரும் சூட்டில் எரிவது. குளிரில் அந்தச் சூடு போதாமல் போகும்போது ஹீட்டர் பிளக் உதவுகிறது. அது போய்விட்டால் எஞ்சின் வேகமாகச் சுற்றும், ஆனால் பிடிக்காது. வெள்ளைப் புகை வரும். சுற்றுவதே மெதுவாக இருந்தால் ஹீட்டர் பிளக்கை மாற்றி ஒரு பிரயோசனமும் இல்லை. இது கராஜ் வைத்திருப்பவருக்குத் தெரியாமல் இருக்காது.

கராஜில் இருந்த பையன் ஒரு நாள் ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயைக் காற்று எடுக்கும் குழாய்க்குள் அடித்தான். ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினுக்கு அதை அடிக்கவே விடாதீர்கள். பிளக்கின் சூட்டில் நேரம் தப்பித் தீப்பற்றி, ரிங், பிஸ்டன் உடையலாம்.

கடைசியில் உண்மையைக் கண்டுபிடித்தது என் பெரியப்பா. தேயிலை ஃபெக்டரியில் முப்பது வருடம் கரண்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் விவரம் சொன்னதும், "எக்ஸலரேட்டர் கேபிளும் இறுகிச்சா?" என்று அதைத்தான் திரும்பக் கேட்டார். அடுத்த நாள் அதிகாலை நாலு மணிக்கு, மப்ளரைச் சுற்றிக்கொண்டு மீட்டரோடு வந்துவிட்டார்.

முதலில், எஞ்சின் பிடிக்காதபடி ஸ்டொப் கேபிளை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். பிறகு பெட்டரிகளை அளந்தார். சும்மா இருக்கும்போது இரண்டும் சேர்த்து 25.3 வோல்ட், அதாவது நிறைந்த சார்ஜ். ஸ்டார்ட் அடிக்கச் சொன்னார். எஞ்சின் முக்கிச் சுற்றியது, பெட்டரியில் 22.1 நின்றது. 24 வோல்ட் லொறியில் ஸ்டார்ட் அடிக்கும்போது 19க்குக் கீழே இறங்கினால்தான் பெட்டரியைச் சந்தேகப்பட வேண்டும். பெட்டரி தெம்பாக நிற்கிறது, எஞ்சின் மட்டும் தவழ்கிறது என்றால் கரண்ட் வழியில் எங்கேயோ தடைபடுகிறது.

அப்புறம் மீட்டரின் ஒரு கம்பியைப் பெட்டரி மைனஸ் கட்டையிலும் மற்றதை ஸ்டார்ட்டர் மோட்டரின் உடம்பிலும் வைத்து மறுபடி அடிக்கச் சொன்னார். அந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. 3.9 காட்டியது. பிளஸ் பக்கம் 0.6தான். அவர் ஒன்றும் பேசாமல் ஜம்பர் கேபிள் ஒன்றை எடுத்து, பெட்டரி மைனஸிலிருந்து நேரே எஞ்சின் உடம்பில் பிடித்தார். "இப்ப அடி" என்றார். பனி கொட்டிக்கொண்டிருந்த நேரத்தில் எஞ்சின் தம்புள்ளை வெயிலில் சுற்றுவதுபோல் சுற்றியது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

பிழை எர்த் பட்டியில். எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. பெட்டரி மைனஸ் பூட்டியிருக்கும் சேசிஸுக்கும் (லொறியின் இரும்புச் சட்டம்) எஞ்சினுக்கும் நடுவில் கரண்ட் போக்குவரத்து, கியர் பொக்ஸ் பக்கம் பூட்டியிருக்கும் பின்னிய செப்புப் பட்டி வழியாகத்தான். என் பட்டி பச்சை பூத்து, பாதி இழை அறுந்து, நட்டுக்குக் கீழே மாவாகிக் கிடந்தது. தம்புள்ளையிலிருந்து திரும்பும்போது நான் யூரியாவும் கோழி உரமும் ஏற்றி வருவேன். அதிலிருந்து வரும் அமோனியா செம்பைத் தின்றுவிடும் என்று பெரியப்பா சொன்னார். மரக்கறி ஏற்றிப் போய் உரம் ஏற்றி வருபவர்கள் எல்லோரும் அந்த இடத்தை ஒரு தடவை குனிந்து பாருங்கள். பட்டியில் வழி இல்லாதபோது கரண்ட் எக்ஸலரேட்டர் கேபிள் வழியாகப் போயிருக்கிறது. அதனால்தான் அது சூடேறி இறுகியது.

ஸ்டார்ட்டர் இழுப்பது சில நூறு அம்பியர். 300 அம்பியர் போகும் வழியில் 0.01 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் போய்விடும். சாதாரண மீட்டரை ஓமில் வைத்துத் தேடினால் அவ்வளவு சின்னத் தடை தெரியாது. சுற்றும்போது வோல்ட் பார்த்தால்தான் தெரியும். குளிரில் ஓயில் தடிப்பதால் எஞ்சினைச் சுற்றக் கூடுதல் பலம் வேண்டும், பெட்டரியின் கொள்ளளவும் உறைநிலையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதனால்தான் தம்புள்ளையில் மறைந்திருந்த பிழை கந்தப்பளையில் வெளியே வந்தது.

புதுப் பட்டி 1,800 ரூபா. போட்டபின் அதே இடத்தில் 0.2 வோல்ட். அன்றிலிருந்து இன்றுவரை ஒரே தடவையில் பிடிக்கிறது.

பிழை தெரியாமல் மாற்றினார் என்றால் மனம் ஆறியிருப்பேன். ஆனால் மூன்று வாரத்தில் 'புது' பெட்டரி ஒன்று செத்தது. ஸ்டிக்கர் ஓரம் கிளம்பியிருந்ததால் உரித்துப் பார்த்தேன். கீழே வேறொரு பழைய லேபல், மேல் மூடியில் திகதி எண் சுரண்டப்பட்டிருந்தது. ஸ்டார்ட்டரையும் கழற்றினோம். வெளியே புது வெள்ளி பெயிண்ட், உள்ளே பாதி தேய்ந்த அதே காபன், அதே கறுப்புத் தூள். 38,000 ரூபா பெயிண்டுக்குத்தான். என் நல்ல பெட்டரிகளைத் திருப்பிக் கேட்டேன். இரும்புக்குப் போய்விட்டது என்றார்.

என்னிடம் பில் இல்லை. கடைப் பெயர் இல்லாத துண்டுக் காகிதத்தில் கூட்டுத்தொகை மட்டும் எழுதித் தந்திருந்தார், நானும் வாங்கிப் பையில் போட்டேன். பெட்டரி வாங்கினால் தொடர் இலக்கமும் திகதியும் எழுதிய உத்தரவாத அட்டையோடு வாங்குங்கள். கழற்றிய பழைய சாமான் எதையும் கராஜில் விடாதீர்கள். ஏமாந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கலாம். சாமான் வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். துண்டுக் காகிதத்தையும் உரித்த ஸ்டிக்கரின் படத்தையும் வைத்து நானும் கொடுத்திருக்கிறேன்.

பெரியப்பா தன் மீட்டரை எனக்கே தந்துவிட்டார். கந்தப்பளைப் பக்கம் யாருடைய லொறியாவது அதிகாலையில் முக்கினால், எதையும் மாற்ற முன் எனக்குச் சொல்லுங்கள். எஞ்சினைச் சூடாக்காமல் வையுங்கள். நான் நாலு மணிக்கு வந்து அளந்து தருகிறேன்.