வன்னி ஆய்வுகூடங்களுக்கு உதவி: கருவியா, வைப்பு நிதியா?

இலங்கையின் வன்னிப் பகுதியில், வவுனியாவில் 2021இல் தனிப் பல்கலைக்கழகம் உருவானது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இருக்கின்றன. பெற்றோர் நினைவாக இவற்றுக்கு உதவ நினைக்கும் புலம்பெயர் குடும்பங்கள், ஆய்வுகூடத்துக்குக் கருவி வாங்கிக் கொடுப்பதா, வட்டியில் உதவும் வைப்பு நிதி வைப்பதா என்றுதான் தடுமாறுகின்றன.

செலவு
கருவி: ஒரே தடவையில் முடியும்.
நிதி: முதல் பெரிதாக வேண்டும், வட்டி மட்டுமே செலவாகும்.

வேகம்
கருவி: மாணவர் உடனே தொட்டுப் பழகலாம்.
நிதி: பலன் மெல்லத்தான் வரும்.

நிலைப்பு
கருவி: நிறமாலைமானிக்கு (ஒளியைக் கொண்டு பொருள்களை ஆராயும் கருவி) விளக்கு மாற்ற வேண்டும், அளவு சரிபார்க்க வேண்டும், இரசாயனம் வாங்க வேண்டும். வன்னிக் கிணற்று நீர் பல இடங்களில் கடினநீர். நீர் வடிக்கும் கருவியில் சுண்ணாம்பு படியும். உதிரிப்பாகத்துக்குக் காசில்லை என்றால் நல்ல கருவியும் மூலையில் கிடக்கும்.
நிதி: இந்தச் செலவை ஆண்டுதோறும் தாங்கும். ஆனால் 2022இல் இலங்கை ரூபாய் விழுந்ததை மறக்கக்கூடாது; அப்படி விழுந்தால் முதலின் மதிப்பும் கரையும். வட்டியில் ஒரு பங்கை முதலோடு சேர்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

தமிழ்நாட்டின் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். நடத்தும் செலவை அரசு ஏற்றதால் அது நிலைத்தது.

சிறிய தொகை, அவசரத் தேவை என்றால் கருவி. பராமரிப்பு ஒப்பந்தத்தோடு மட்டும். பிள்ளைகளும் தொடர்ந்து உதவுவார்கள் என்ற குடும்பத்துக்கு நிதியைத்தான் சொல்வேன்.