செத்த போனை ஆண்டுக்கணக்கில் எரியவைக்கும் கடை

பழைய போன்களை வைத்து நீண்டகாலம் ஓடும் டிஜிட்டல் கலைவேலை ஒன்று செய்யப் போகிறேன் என்றால், கிளிநொச்சியில் நான் ஏறி இறங்கிய கடைகளில் எல்லாம் "புதுசா ஒண்டு எடுங்கோ, தவணைக்கும் தரலாம்" என்றுதான் சொன்னார்கள். டிப்போச் சந்திக்குக் கிட்ட இருக்கும் இந்தச் சின்னத் திருத்துற கடையில் மட்டும் அண்ணை வேறு கேள்வி கேட்டார். "எவ்வளவு காலம் எரிய வேணும்?" கடையின் பெயரைப் போடவேண்டாம் என்கிறார். கூட்டம் கூடினால் தேத்தண்ணி குடிக்க நேரம் கிடைக்காதாம்.

வேலை இதுதான். எங்கள் ஊர் வாசிகசாலை யன்னல் கண்ணாடியில் ஆறு போன்களை ஒட்டியிருக்கிறேன். பின்பக்கக் கமரா வெளியே இரணைமடுத் தண்ணீர் பாயும் வயலைப் பார்க்கும், திரை உள்ளே நம்மைப் பார்க்கும். மணிக்கொரு படம் எடுத்து, முந்தைய படங்களின் மேல் மெல்லிசாகப் படியவைத்துக்கொண்டே போகும். காலபோக விதைப்பில் மண்ணிறமாகத் தொடங்கி, பச்சையாகித் தடித்து, அறுவடைக்கு வைக்கோல் நிறத்துக்கு வரவேண்டும். தாய்வானைச் சேர்ந்த கலைஞர் டெஹ்சிங் ஷியே 1980 ஏப்ரலில் தொடங்கி ஒரு முழு ஆண்டு, தொழிற்சாலையில் வேலை நேரம் பதிவதுபோல மணிக்கொரு தடவை நேர அட்டை குத்தித் தன்னைப் படமும் எடுத்தவர். 8,760 தடவையில் 133ஐத் தவறவிட்டார், பெரும்பாலும் நித்திரையால். போனுக்கும் அதே வருத்தம்தான். பற்றரியைச் சேமிக்கிறேன் பேர்வழி என்று ஆண்ட்ராய்டு நம்முடைய செயலியைப் பேசாமல் தூங்கப் போட்டுவிடும். அந்த அமைப்புகளை நானே நிறுத்திக்கொண்டேன். கடைக்குப் போனது பற்றரிக்காக.

இரவு பகலாகச் சார்ஜரில் கிடக்கும் லித்தியம் பற்றரி, அதுவும் வன்னி வெயிலில், ஊதிப்போகும். நான் கொண்டுபோனவற்றில் ஒன்று ஏற்கெனவே முதுகு மூடியைத் தள்ளிக்கொண்டிருந்தது. அண்ணை அதைக் கையில் வாங்கவே இல்லை. முதலில் பின்முற்றத்து மணல் வாளியைக் காட்டினார். மற்றவற்றைத் திறந்து அவர் செய்ததை நான் ஸ்டூலில் இருந்து பார்த்தேன். பற்றரியின் தலையில் மஞ்சள் நாடாவுக்குள்ளே விரல் நகம் அகலத்தில் ஒரு பலகை இருக்கிறது. நாடாவை உரித்து, தகட்டை ஒரு பக்கம் வெட்டி, உடனே ஒட்டி மூடிவிட்டுத்தான் மறுபக்கம் வெட்டினார். இரண்டையும் சேர்த்து வெட்டினால் நெருப்புத்தானாம். மின்கலம் மணலுக்குப் போனது, பலகை மேசையில் தங்கியது. அதில் சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் ஈயம் வைத்து ஒட்டி, மின்னழுத்தத்தைக் குறைக்கும் சின்ன மொடியூல் ஒன்றுக்கு இழுத்தார். மொடியூலின் பித்தளைத் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப, மீற்றரில் 4.31, 4.12, 4.00 வோல்ட். அங்கே நிறுத்தி, திருகின் மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு. யாரும் தட்டி மாறாமலிருக்க. "போனுக்குப் பற்றரி தேவையில்லைத் தம்பி, பற்றரி இருக்கெண்ட நினைப்பு இருந்தாச் சரி" என்றார். அந்தப் பலகைதான் அந்த நினைப்பு. அதை எறிந்துவிட்டால் பல போன்கள் திறக்கவே மறுக்கும். இதை யாரும் வீட்டில் செய்துபார்க்க வேண்டாம். நானும் செய்யமாட்டேன்.

திரை விடயத்தில்தான் எங்களுக்குள் கொழுவல். எல்சிடி திரைகளை ஒரு பக்கமும் அமோலெட் திரைகளை மறு பக்கமும் பிரித்து, அமோலெட் வேண்டாம், ஒரே படத்தை நீண்ட நாள் காட்டினால் தழும்பு விழும் என்றார். சரியான பேச்சுத்தான். ஆனால் ஒன்றில் ஏற்கெனவே தழும்பு விழுந்திருந்தது. மேலே மணிக்கூடும் பற்றரிக் குறியும், கீழே தட்டச்சுப் பலகையின் கட்டங்களும், யாரோ பல வருடம் செய்தி அனுப்பிய அடையாளமாக. அவருக்கு அது கழிவு, எனக்கு ஆறிலும் அதுதான் முக்கியம். கடைசியில் அதற்குக் காசு வாங்காமல் செய்து தந்தார், "பேந்து கறுப்படிச்சுப் போச்செண்டு இஞ்சால வரக்கூடாது" என்ற எச்சரிக்கையோடு.

அவருடைய உண்மையான கெட்டித்தனம் கரண்ட் பற்றிய யோசனையில் இருக்கிறது. பற்றரி கழற்றிய போன் மின்வெட்டில் உடனே செத்துவிடும், கரண்ட் வந்தாலும் யாராவது பொத்தானை அழுத்தும்வரை எழும்பாது. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வெட்டியதை நினைவுபடுத்தி, 12 வோல்ட் ஈய அமிலப் பற்றரி ஒன்றையும் சின்னச் சூரியத் தகட்டையும் இடையில் போட்டார். போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட தலைமுறை, கரண்டை நம்பாது. எட்டு மணித்தியாலம் தாங்கும் என்றார். மாரி மூட்டத்தில் ஆறு மணித்தியாலத்தைத் தாண்டவில்லை. வடக்கு யன்னலைத் தேரச் சொன்னதும் அவர்தான், மாரியில் சூரியன் தெற்கால் போவதால் கமராவுக்குள் வெயில் குத்தாது என்று.

குறைகள் இல்லாமல் இல்லை. தவணை சொல்லிச் சொல்லியே இழுத்தடிப்பார். பில் கிடையாது, உத்தரவாதம் வாய்ச்சொல் மட்டும். ஒரு போனின் கண்ணாடி திறக்கும்போது வெடித்தது. தன் பெட்டியிலிருந்து வேறொன்று தந்தார், சரி, ஆனால் அதன் கமரா மங்கல். மணல் வாளி நிரம்பினால் அந்தக் கலங்கள் எங்கே போகும் என்று கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை.

போன் ஒன்றுக்கு 1,800 ரூபாய், பெரிய பற்றரியும் தகடும் தனிக் கணக்கு. வேலைக்கு அது மலிவு என்பேன். சோளகக் காற்றுத் தொடங்கிப் புழுதி கிளம்பியும் இதுவரை எந்த வயரும் விடவில்லை. கடையில் வேலை பழகும் பெடியன், என் போன்களில் மூன்று 32 பிட் என்றும், 1970இலிருந்து விநாடி எண்ணிவரும் அவற்றின் மணிக்கூடு 2038 ஜனவரி 19 காலை 8:44க்கு மேலே எண்ண இடமில்லாமல் நிரம்பிவிடும் என்றும் சொல்லிவிட்டான். அதுவரை ஓடினால் அந்தக் காலையில் வாசிகசாலையைத் திறந்துவைக்க வேண்டியதுதான்.

போகிறவர்கள் போனிலிருந்து கூகிள் கணக்கை நீக்கிவிட்டுப் போங்கள். யாருடையதென்று தெரியாத பூட்டுப் போட்ட போனை அண்ணை தொடமாட்டார், எவ்வளவு கெஞ்சினாலும்.