‘பட்டுத் தந்தி’ என்று பிபாவுக்கு நைலானை விற்கிறார்கள், கவனம்!

நான்கு தந்திகள் கொண்ட சீன நரம்பிசைக் கருவியான பிபாவை வாசிக்கிறவர்களும் பிபா கற்கும் பிள்ளைகளின் பெற்றோரும் இதைப் படித்துவிடுங்கள். சிங்கப்பூரில் இணையக் கடை ஒன்றில் ‘நூறு விழுக்காடு பட்டு’ என்று போட்டிருந்த பிபா தந்திகளை 85 வெள்ளி கொடுத்து வாங்கினேன். வந்தது நைலான்.

இன்று பெரும்பாலும் எல்லாருமே எஃகுத் தந்தியில்தான் வாசிக்கிறோம். நான்கில் மெல்லிய முதல் தந்தி வெறும் எஃகு, மற்றவை எஃகின்மேல் நைலான் சுற்றியவை. இது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு பரவிய வழக்கம். அதற்கு முன் பட்டுத் தந்திதான், சொந்த நகத்தால்தான் மீட்டினார்கள். எஃகுக்கு நகம் தாங்காது என்பதால்தான் ஐந்து விரலிலும் பொய் நகத்தை டேப் சுற்றி ஒட்டிக்கொள்கிறோம். பழைய பாடல்களைப் பட்டின் கனிந்த ஒலியில், டேப் இல்லாத விரல்களால் வாசிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

வாங்கும் முன்பே கேட்டேன்: “உள்ளே எஃகோ நைலானோ இருக்கிறதா?” “இல்லை, முழுக்கப் பட்டு” என்று எழுத்தில் பதில் வந்தது.

பார்க்க நன்றாகத்தான் இருந்தது, இளமஞ்சள் நிறம். தந்தியை முறுக்கும் முளையான பிருடையில் சுற்றிச் சுருதி சேர்த்தால் முதல் தந்தி இறங்கிக்கொண்டே போனது. புதுப் பட்டும் முதலில் நெகிழும், சரி என்று விட்டுவைத்தேன். நாள் போயும் நிற்கவில்லை. ஐந்து விரல்களையும் உருட்டி வாசிக்கும்போது ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இதில் எல்லாம் ஒன்றோடொன்று குழைந்து மொத்தையாக வந்தது. எங்கள் லாவ்ஷி (ஆசிரியர்) விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். “பட்டுக்கு ஒரு சொரசொரப்பு உண்டு, இது தூண்டில் நரம்பு மாதிரி வழுக்குகிறதே” என்றார்.

பிருடைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த நுனியை வெட்டி இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டினோம். பட்டாக இருந்தால் முடி கருகும் வாடை வரும், மிஞ்சும் சாம்பல் விரலில் நசுக்கினால் பொடியாகும். இது தீ கிட்டே வந்ததுமே சுருங்கி உருகி, நுனியில் ஒரு சிறு மணியாகத் திரண்டது. ஆறியபின் நகத்தால் அழுத்தினேன், உடையவில்லை. மற்ற மூன்று நுனிகளும் அப்படியே.

படங்களை அனுப்பினேன். முதலில் “இங்குள்ள ஈரப்பதம்தான் காரணம்” என்றார்கள். ஈரப்பதம் பட்டை நைலானாக்குமா? அப்புறம் “வெட்டிய தந்தியைத் திருப்பி எடுக்க மாட்டோம்” என்றார்கள். அதற்கு மேல் பதிலே இல்லை. வெட்டாமல் எப்படிச் சோதிப்பது? இந்த விதி யாருக்கு வசதி என்று நீங்களே பாருங்கள்.

நல்ல பட்டுத் தந்தி செய்கிறவர்கள் சீனாவில் இன்னமும் இருக்கிறார்கள். விலை கூடத்தான், ஆனால் கேட்டால் ஒரு துண்டு நுனி அனுப்பத் தயங்காத விற்பனையாளரிடம் வாங்குங்கள். கையில் வந்ததும் கருவியில் கட்டும் முன்பே நுனியை எரித்துப் பாருங்கள். விளம்பரப் பக்கத்தையும் உரையாடலையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான் எல்லாவற்றையும் சேர்த்துப் பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். இதே போல் ஏமாந்தவர்கள் இருந்தால் நீங்களும் கொடுங்கள். அந்த விளம்பரம் இன்றும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.